மதாம் செலினின் கேக்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் ஜஹபர் நிஷாவுக்குக் கேக் செய்யத் தெரியும் என்பது அவள் கணவன் ஜமாலுக்கும் மகள் மரீஹாவுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களைக் கேட்டால், நிஷா கொண்டுவருகிற கேக்கையெல்லாம் செய்வது மதாம் செலின் என்பார்கள். பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான புல்வார்டுக்குள் ஏதோ ஒரு வீதியில், போர்டுகூட மாட்டாமல், வீட்டிலேயே கேக் செய்து விற்கிற பிரெஞ்சுக்கார அம்மா. அப்படி ஒருத்தி புதுச்சேரியில் பிறக்கவும் இல்லை, வந்து குடியேறவும் இல்லை. நிஷாவின் வாயிலிருந்து குதித்தவள் அவள்.

குதித்த கதையைக் கேளுங்கள். மரீஹாவின் பள்ளியில் ஒரு விழா. அம்மாக்கள் ஆளுக்கொரு பலகாரம் கொண்டுபோக வேண்டும். நிஷா ஆரஞ்சு கேக் எடுத்துப் போயிருந்தாள். டப்பாவைத் திறந்து மேசை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கல்யாணமான புதிதில் அவள் செய்த முதல் கேக்கைத் தின்றுவிட்டு, “இத வச்சு செவுரே கட்டலாம்” என்று நாத்தனார் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. “யாரு செஞ்சது?” என்று மேனகா கேட்டாள். அவள் மகளும் மரீஹாவும் ஒரே வகுப்பு. உண்மை தொண்டை வரைக்கும் வந்து, பயந்து திரும்பி ஓடிவிட்டது.

“புல்வார்டுல ஒரு மதாம்கிட்ட வாங்கினேங்கா. மதாம் செலின்னு பேரு.”

வசதியான பொய். கேக் நன்றாக இல்லாவிட்டால் திட்டு மதாமுக்குப் போய்விடும். ஆனால் கேக் நன்றாக இருந்து தொலைத்தது. பாராட்டு முழுவதும் மதாமுக்கே போனது. “அதானே பாத்தேன்! நம்மாளுங்க கைக்கு இந்தப் பதம் எங்க வரும்?” என்று மேனகா சொல்லிச் சொல்லித் தின்றாள். நிஷாவும் தலையாட்டினாள். பைத்தியம்! தன் கையைத் தானே மட்டம் தட்டிவிட்டு, அதற்குத் தலையும் ஆட்ட எத்தனை பேரால் முடியும்?

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். மேனகா போன் செய்தாள். இளைய மகனுக்கு முதல் பிறந்தநாள், அரியாங்குப்பத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். “அந்த மதாம்கிட்ட சொல்லி நாலு கிலோ கேக்கு வாங்கிக் குடு நிஷா.”

சரி என்று சொல்லிவிட்டு நிஷா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜமாலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மிக்சி ரிப்பேர் செய்கிறவன் அவன். பழைய ஓவன் ஒன்றைப் பழுது பார்த்து அவளுக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

“மொத ஆர்டர்டி! இப்பவே போன போட்டு, நான்தான் செய்யிறேன்னு சொல்லிடு.”

“சொன்னா வேணாம்னுடுவாங்க. அவங்க கேக்குறது மதாம் கேக்கு. என் கேக்கு இல்ல.”

“அந்த மதாமுக்கு ஏதுடி கையி? எல்லாம் உன் கையிதானே!”

நிஷா எழுந்தாள். மாவு சலிக்கப் போய்விட்டாள்.

பிறந்தநாளன்று காலை ஐந்து மணிக்கே ஓவன் சூடானது. சின்ன ஓவன், ஒவ்வொரு அடுக்காகத்தான் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் பொன்னிறமாக உப்பி வர வர, நிஷாவுக்கு உள்ளே குதியாட்டம். மத்தியானம் ஆறவைத்து அடுக்கி, வெண்ணெய்க் கிரீம் பூசி, சுற்றிலும் ரோஜாப்பூக்கள் போட்டாள். மரீஹா எண்ணிப் பார்த்து, “முப்பத்தாறு பூம்மா!” என்று கத்தினாள். மீந்த கிரீமை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு, கேக் பெட்டியோடு ஆட்டோ ஏறினாள் நிஷா.

சித்திரை வெயில் சும்மா விடுமா? மரப்பாலம் சிக்னலில் வண்டி அரை மணி நேரம் நின்றது. அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. நிஷாவின் உயிர் ஒருமுறை மேலே போய்விட்டு வந்தது.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்தவர் மேனகாவின் மாமனார் சுப்பிரமணியன். ஒரு பக்கத்துப் பூக்கள் எல்லாம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தன.

“என்னம்மா இது? நேத்து மீந்துபோனத நம்ம தலையில கட்டிட்டா அந்த வெள்ளைக்காரி!”

“அவ நம்பரக் குடு நிஷா. நானே கேக்குறேன்,” என்று மேனகா போனை எடுத்துவிட்டாள்.

இந்த நாளுக்காகத்தானே மதாமை உண்டாக்கி வைத்திருந்தாள்? திட்டை மதாம் வாங்கிக்கொள்வாள், இவள் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டினால் போதும். ஆனால் நிஷாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்று மீந்ததாமே!

“மீந்ததா? காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சு செஞ்சேங்கய்யா! ஒவ்வொரு பூவும் என் கையால போட்டது!”

பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேனகாவின் போன் பாதி வழியில் நின்றது.

“நீயா? அப்போ மதாமு?”

“மதாமும் இல்ல, யாரும் இல்லக்கா. அன்னிக்கு ஸ்கூல்ல நீங்க சாப்பிட்டதும் நான் செஞ்சதுதான். திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். சரிந்த பூக்களைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, ஐஸ் டப்பாவிலிருந்த கிரீமால் புதுப் பூக்கள் போட ஆரம்பித்தாள். சுற்றி இருபது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அவளுக்கு ஒரே உற்சாகம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

கேக் வெட்டியதும், “இத்தன நாளா இல்லாத ஒருத்திய ஊரெல்லாம் புகழ்ந்துட்டுத் திரிஞ்சிருக்கேனே!” என்று மேனகா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே முதல் துண்டை நிஷாவுக்கு ஊட்டினாள்.

சுப்பிரமணியன் இரண்டாவது துண்டையும் முடித்துவிட்டார். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

“ருசியெல்லாம் சரிதான். ஆனா அந்த ஓரத்துப் பூவு கோணலாத்தான் இருக்கு.”

நிஷா எட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான்.

“ஆமாங்கய்யா, கோணலாத்தான் இருக்கு,” என்றாள், சிரிப்புத் தாங்காமல். “நான்தான் போட்டேன்.”