லைசென்ஸுக்கு வைத்த மஞ்சள்

மகள் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்க, சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிற ஒரே வீட்டை பேங்கில் அடமானம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினேன். அவள் லைசென்ஸோடு வந்ததும், புதுப் படகு எஞ்சினுக்கு வைப்பதுபோல அந்தக் காகிதத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டேன்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற! இத்த டெல்லி ஆபீஸ்ல காட்டி, பரீட்சை எழுதி, நம்ம நாட்டு லைசென்ஸா மாத்தினாத்தான் இங்க ஓட்ட முடியும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கே ஓட்டினவள் இங்கே எதற்கு மறுபடி பரீட்சை எழுதணும்? கேட்கக் கூச்சமாக இருந்தது. துடைத்துப் பார்த்தேன், கறை போகவில்லை.

அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "கேட்டா, எங்கம்மா பூஜை போட்டுச்சுன்னு சொல்றேன்" என்றாள், பஸ் ஏறும்போது. கோபமா, கிண்டலா, புரியவில்லை. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு மஞ்சள் வைக்கப்போனேன். கை தயங்கியது.