கண்ணுள்ள தரை

ஒத்தக்கடையில் கட்டிக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டுக்கு மரத்தரை போட ஆசை. ஓக் மரமா, தேக்கா என்று ஒரு வாரம் போனில் படித்துவிட்டு, முதல் தரத் தேக்கு என்ற முடிவோடுதான் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி இரண்டு பலகைகளை நீட்டினார்.

"இது முதல் தரம்க்கா, கணுவே இருக்காது. இது மூணாந்தரம், அம்புட்டும் கணு, கிளை இருந்த தடம்."

"அப்ப சீக்கிரம் உடைஞ்சிருமோ?"

"அதெல்லாம் இல்லக்கா, உறுதி ரெண்டுக்கும் ஒண்ணுதான். தரம்ங்கிறது பார்வைக்குத்தான்."

கணு என்றதும் சிம்மக்கல் வீட்டு மாடியறைக்குப் போய்விட்டேன். அப்பா அங்கே பலகைத் தரை போட்ட அன்று அம்மா சலித்துக்கொண்டாள்: "என்னங்க, பூராம் கணுவாப் போச்சு!"

ஐந்து வயதில் எனக்கு அது 'கண்ணு' என்றுதான் கேட்டது. குனிந்து பார்த்தேன். உண்மைதான். பழுப்பு வளையங்களுக்குள் கறுப்பு விழிகள். மிதித்தால் வலிக்காதா? தாண்டித் தாண்டி நடந்தேன்.

"என்ன பாப்பா, நொண்டி விளையாடுறியா?" என்றார் அப்பா.

காரணத்தைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. தன் பெரிய காலைத் தூக்கி ஒரு கண்ணைக் கவனமாகத் தாண்டினார். நான் தூங்கிவிட்டதாக அவர் நினைத்த நேரங்களில்கூட அப்படியேதான் நடந்தார். என்ன மனுஷர்!

"அப்ப முதல் தரமே போட்டுரலாமாக்கா?" என்றார் கடைக்காரத் தம்பி.

"மூணாந்தரம் குடுங்க தம்பி. கணு நிறைய இருக்கிறதாப் பாத்துப் பொறுக்குங்க."

தரை போட்டு முடிந்ததும் அப்பாவைத்தான் முதலில் நடக்கவிடப் போகிறேன். எதுவும் சொல்லமாட்டேன். அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.