பாதிக் கோப்பை

கால்பந்து உலகக் கோப்பை நடக்கிற வருஷம் திருப்பூருக்கு அது ஆறு மாதம் முன்னாடியே வந்துவிடும். கம்பெனி கம்பெனியாக மஞ்சள் ஓடும், ஆரஞ்சு ஓடும், வெள்ளையும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடும். எந்தெந்த நாட்டுக்காரனோ போட்டுக்கொண்டு கத்துவதற்கான பனியனை நாங்கள் தைத்து, மடித்து, பெட்டியில் அடைத்து அனுப்புவோம். நம் நாட்டு நிறத்தில் ஒரு பீஸ் ஆர்டர் வந்ததில்லை. நாம் அங்கே போனால்தானே வரும். போகிற வழியைக் காணோம்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை துணியில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு வித்தியாசம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து நம் தேசிய அணி ஆடுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஒருத்தன் பந்தைப் பின்னால் தள்ளுவான். வாங்கியவன் இன்னும் பின்னால் தள்ளுவான். கடைசியில் கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைப்பான், அது நேராக எதிராளி காலில் போய் விழும். அட கருமமே! பந்து கிடைத்தால் முன்னால் போக வேண்டும் என்று யாருமே இவர்களுக்குச் சொல்லித் தரவில்லையா?

ஒருமுறை, மேப்பில் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு குட்டி நாட்டிடம் தோற்றார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டேன். என் மனைவி தட்டைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவங்க தோத்ததுக்கு நீங்க எதுக்குங்க சோறு திங்காம எந்திரிக்கிறீங்க? அவங்கெல்லாம் இந்நேரம் நல்லாத் தின்னுட்டுத் தூங்கியிருப்பாங்க."

அவள் சொன்னது சரிதான். அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. மோரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சரி, தேசம்தான் இப்படி, உள்ளூராவது உருப்படும் என்று எங்கள் கம்பெனி டீமைப் பிடித்துக்கொண்டேன். நான் ஆடுகிறவன் இல்லை. மேனேஜர் என்று சொல்லிக்கொள்வேன். தண்ணீர் கேன் தூக்குவது, நடுவரோடு சண்டை போடுவது, தோற்றால் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தருவது, இதுதான் வேலை. பரோட்டாக் கடைக்காரருக்கு எங்கள் ஸ்கோர் கேட்காமலே தெரியும். கேப்டன் எங்கள் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்குகிறவர், முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பார். ஆனால் தலையால் முட்டினார் என்றால் பந்து போகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஆடுகிறவன் ஒடிசாக்காரன், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். பந்து அவன் காலில் இருந்தால் எனக்கு மூச்சு சீராக வரும். மற்றவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு காலி இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அங்கேதான் பிராக்டிஸ். வேறு இடம் கிடையாது. பள்ளிக்கூட மைதானம் கேட்டால் வாட்ச்மேன் விரட்டுவார், டவுனில் உள்ள மைதானத்தில் பாதி நாள் பொருட்காட்சி, மீதி நாள் பந்தல் பிரிப்பார்கள். அந்தக் காலி இடத்தின் மேல் எங்கள் முதலாளிக்குக் கண் விழுந்தது. புது நிட்டிங் மெஷின் இறக்கப் போகிறார், அதற்கு ஷெட் போட வேண்டும். நானும் மாஸ்டரும் அவர் ரூமுக்குப் போய் நின்றோம். அவர் கிரிக்கெட்காரர். ஆனாலும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"ஏனுங்க, இத்தன வருசமா ஆடறீங்க, ஒரு கப்பு கண்ணுல காட்டியிருக்கறீங்களா? சரி, உங்களுக்காக ஒண்ணு சொல்றேன். இந்தத் தை மாசக் கம்பெனிப் போட்டியில கப்பு கொண்டாந்துட்டீங்கன்னா, ஷெட்ட வேற பக்கம் தள்ளிக் கட்டிக்கறேன். இல்லீன்னா மாசியில பூசை போட்டுருவேனுங்க. அப்பறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

வெளியே வந்ததும் மாஸ்டர் சொன்னார்: "பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. நமக்கும் வேற வழி இல்லைலா."

நம்பினால் நம்புங்கள், அந்த வருஷம் பையன்கள் ஆடினார்கள். முதல் ஆட்டம் ஜெயித்தோம். அடுத்ததும் ஜெயித்தோம். அரையிறுதியில் மாஸ்டர் முட்டிய பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனபோது நான் தண்ணீர் கேனைக் கீழே போட்டு உடைத்தேன். ஃபைனல். எதிரே ஒரு டையிங் கம்பெனி டீம். அதற்கும் என்னைப் போலவே ஒரு மேனேஜர், அங்கே சாய லேபில் ஷேடு பார்க்கிறவர்.

ஃபைனலுக்கு முன்னால் இரண்டு டீமும் ஜெர்சி நிறத்தை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டு பேருமே ஆர்டர் கேன்சலாகி மிஞ்சிய துணியில் புது ஜெர்சி தைத்திருந்தோம். மற்ற ஊரில் என்றால் ஃபோனில், "நாங்க பச்சை", "நாங்க நீலம்" என்று சொல்லி முடித்திருப்பார்கள். நாங்கள் யார்! துணியை ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவர் லேபுக்குப் போனேன். அவர் தன் துண்டை எடுத்தார். நிறம் ஒப்பிடுகிற விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தோம்.

"உங்குளுது டீல் க்ரீனுங்க," என்றார். "நம்முளுது பெட்ரோல் ப்ளூ."

"சுத்தமா வேறங்க," என்றேன். உண்மையிலேயே வேறுதான். இவை இரண்டையும் கலந்து ஒரே பெட்டியில் போட்டு அனுப்பினால் வாங்குகிற பையர் கன்டெய்னரையே திருப்பிவிடுவான். கை குலுக்கிக்கொண்டோம்.

ஃபைனல் அன்று இரண்டு டீமும் வரிசையாக வந்து நின்றதும் நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். வெளியூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார்.

"என்னங்க இது, ரெண்டு டீமும் ஒரே கலர்ல வந்திருக்கீங்க?"

"ஒரே கலருங்களா?" நானும் லேப்காரரும் ஒரே குரலில் கேட்டோம். எனக்கு நிஜமாகவே அதிர்ச்சி. லேப்காரர் சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்து, அவரை வெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். இதில் பச்சை தூக்கல், அதில் நீலம் தூக்கல் என்று நான் விளக்கினேன். எதிரும் புதிருமாக நிற்க வேண்டிய நாங்கள் இரண்டு பேரும் பங்காளிகள் மாதிரி அவரைப் பிடித்துக்கொண்டோம். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டம்மாகிட்ட கேட்டா ரெண்டும் மயில் கழுத்துன்னுதான் சொல்லுவாங்க. யாராவது ஒருத்தர் மாத்துங்க."

மாற்ற வேறு ஜெர்சி யாரிடமும் இல்லை. பேசிப் பேசி அரை மணி நேரம் போனது. பிறகு சிறப்பு விருந்தினர் வந்தார், மாலை, மைக், பேச்சு. நடுவருக்கே அலுத்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்கல்ல? அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது," என்று சொல்லி விசில் அடித்தார்.

முதல் பாதியில் ஒரு குழப்பமும் இல்லை. ஒடிசாக்காரன் ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்தான், மாஸ்டர் எழும்பி முட்டினார், கோல். நான் கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. இடைவேளையில் பையன்கள் குடம் குடமாகத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்கமும் அப்படியே. மறுபடி மைதானத்தில் இறங்கியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. லேப்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஷேடை எப்போதும் காய்ந்த துணியில்தான் பார்ப்போம். நனைந்தால் எந்தச் சாயமும் கறுத்துவிடும், அது எங்களுக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் இதையே பார்த்துத் தேய்ந்த இரண்டு பேருக்கு, ஆட்டக்காரனுக்கு வேர்க்கும் என்பது தோன்றவில்லை. சாயங்கால வெயில், கிளம்பிய புழுதி, நனைந்த துணி. இருபது பேரும் ஒரே நிறத்தில் ஓடினார்கள். எங்கள் ஆள் அவர்களுக்குக் கொடுத்தான், அவர்கள் ஆள் எங்களுக்குக் கொடுத்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணா, அது நம்ம ஆளு இல்லீங்!" என்று யாரோ கத்த, எந்த டீமுக்குச் சொல்கிறான் என்று தெரியாமல் இரண்டு பேர் பந்தை விட்டார்கள். கடைசியில் எங்கள் பின்வரிசைக்காரன் பக்கத்தில் ஓடிவந்தவனுக்கு அழகாக, அளந்து வைத்த மாதிரி ஒரு பாஸ் கொடுத்தான். அந்த சீசனிலேயே அவன் கொடுத்த நல்ல பாஸ் அதுதான். வாங்கியவன் எதிராளி. ஒன்றுக்கு ஒன்று.

ஆட்டம் முடிந்தபோது இருட்டிவிட்டது. பெனால்ட்டி அடிக்க வெளிச்சம் இல்லை, மைதானத்தில் விளக்கும் இல்லை. கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, இரண்டு டீமும் கூட்டுச் சாம்பியன் என்றார்கள். கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். முதலில் யாருக்கு என்று காசு சுண்டினார்கள். அதிலும் தோற்றோம்.

திங்கட்கிழமை காலை முதலாளி ரூமில் மறுபடி நானும் மாஸ்டரும்.

"கப்பு எங்கீங்க?"

"ஜெயிச்சுட்டோமுங்க. கப்பு ஆடி மாசம் வருமுங்க," என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

நடந்ததை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார். "பாதிக் கப்புக்குப் பாதி எடம். நாயம்தானுங்க?" என்றார். நியாயம்தான். அவரை எதைச் சொல்லித் திட்டுவது? வார்த்தை மாறாத மனுஷன். மாசியில் பூஜை போட்டு, சரியாகப் பாதியில் சுவர் எழுப்பினார்.

பாதி மைதானத்தில் என்ன ஆடுவது? ஒரே ஒரு கோல் போஸ்ட். மாஸ்டர் துணியை வெட்டுவதற்கு மார்க்கர் கோடு போடுகிறவர், ஒரு அங்குலம் வீணாகாமல் இடத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். பெனால்ட்டி கட்டம் வந்தது, கார்னர் வந்தது, நடு வட்டம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. "இருக்கதுல ஆடுவோம் அண்ணாச்சி," என்றார். இந்த மனுஷனுக்கு ஒரு முழு மைதானம் கொடுக்க இந்த ஊரில் வழியில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தறிக்கும் மெஷினுக்கும் இடம் இருக்கிறது, கல்யாண மண்டபத்துக்கு இடம் இருக்கிறது, அதன் கார் பார்க்கிங்குக்கும் இருக்கிறது.

ஷெட் முடிந்து மெஷின் இறங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட வந்தது ஐந்தே பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் ஷூ கயிறு கட்டக் குனிந்துகொண்டார்கள். சோம்பேறிகள், கோப்பை கைக்கு வருவதற்குள் தலைக்கனம் ஏறிவிட்டது என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் முட்டிய பந்து சுவரைத் தாண்டி ஷெட் ஜன்னல் வழியாக உள்ளே போய் விழுந்தது. எடுக்க நானே போனேன். கதவைத் திறந்தால் உள்ளே காது கிழிகிற இரைச்சல், புது மெஷின் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே நின்றது எங்கள் கோல்கீப்பர். அடுத்ததில் எங்கள் பின்வரிசைக்காரன். புது மெஷின் ஓட்ட ஆள் வேண்டுமே, எங்கிருந்து எடுப்பார்கள்? என் டீமில் பாதி அந்தச் சுவருக்குள் நின்றுகொண்டிருந்தது.

ஒடிசாக்காரன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான். பஞ்சு அவன் தலையிலும் புருவத்திலும் ஒட்டியிருந்தது. இரைச்சலில் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்திக் கேட்டான்:

"அண்ணா, எத்தனை பேர் வந்துச்சு?"

"அஞ்சு," என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு நூல் அறுந்து அவன் மெஷின் நின்றது, அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது, முடிச்சுப் போட ஓடினான்.