எட்டு சிலிண்டர் கணக்கு

ஷரீபுன்னிசாவிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாள். சதுரங்கப்பட்டினத்து ஐஸ் ஃபேக்டரியில் அவள் கிளார்க்காகச் சேர்ந்தது 2001இல். புருஷன் இல்லை, பெண் ஹனியாவின் படிப்பு மொத்தமும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அதற்காகப் பயந்து நடுங்குகிற ஆள் இல்லை அவள்.

ஐஸ் உறைய வைக்கிற விஷவாயுவான அமோனியா ஃபேக்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று வருஷா வருஷம் அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய கிளார்க் தேதியை மட்டும் மாற்றி, எட்டு சிலிண்டர் என்றே எழுதி வந்தார். இவள் போய் எண்ணினாள். கச்சிதமாக எட்டு! ஆனால் லாரி ரசீதுகளோ இருபதுக்கு மேல் பேசின. அப்படியானால் மிச்சம் எங்கே?

மதிலுக்கு அந்தப் பக்கம் முனியம்மாவின் கருவாட்டுக் கொட்டகை. பாயை விலக்கினால் வரிசையாகப் பன்னிரண்டு சிலிண்டர். மேலே ஈரப்புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"காலி சிலிண்டராம் பாயம்மா. செக்கிங் வர்றப்போ இங்க தள்ளிடுவாங்க. அப்டியே கீது" என்றாள் முனியம்மா.

ஷரீபுன்னிசா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். காலியாவது, மண்ணாவது! அத்தனையும் நிறைந்திருந்தன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் இருபது என்று எழுதி, முதலாளி ராஜாராம் முன்னால் வைத்தாள்.

"இன்னாம்மா இது? எட்டுக்கு மேல காட்டினா சைரன் வையி, முகமூடி வாங்கு, தனி ஷெட் கட்டுன்னு உயிர எடுப்பானுங்க. பழையபடியே போடு. இல்லன்னா நாளைக்கி வேலைக்கி வராத."

"வரல மொதலாளி. ஆனா இன்னிக்கி எண்ணினதத்தான் எழுதுவேன். கீழ ஒரு கட்டம் கீது, அதயும் படிச்சிட்டுச் சொல்லுங்க."

கசிந்தால் பக்கத்தில் யாருக்கு ஆபத்து என்று கேட்கும் கட்டம் அது. பழைய கிளார்க் ஒன்பது வருஷமாக 'யாருமில்லை' என்று எழுதி வந்த இடத்தில் முனியம்மா, மருமகள் சந்திரம்மா, கைக்குழந்தை என்று பேர் பேராக எழுதியிருந்தாள்.

ராஜாராம் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் வெளுத்துப்போனது.

"இருபத்தொண்ணுன்னு போடும்மா" என்றார், குரலே எழும்பாமல். "போன செக்கிங்கப்போ கொட்டகையில எடம் பத்தல. ஒண்ணு என் வூட்டு மாடிப்படிக்குக் கீழ கீது."

ஷரீபுன்னிசா இருபதை அடித்து இருபத்தொன்று ஆக்கினாள். பேனாவை அந்தக் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"உங்க வூட்டு ஆளுங்க பேரச் சொல்லுங்க, மொதலாளி."

அவர் வாயைத் திறந்தார். "விஷாகா, எங்க கொழந்த..." என்றவர் சட்டென்று டெலிபோனை இழுத்து வீட்டு நம்பரைச் சுழற்றினார். மனைவி எடுத்தாள்.

"ருக்மிணி, ஒண்ணும் கேக்காத. கொழந்தைய தூக்கிகினு வெளிய வா."