இல்லாத மைத்துனனின் சாமான்கள்

2006ஆம் ஆண்டு நவம்பர் 2, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வெப்பம் இருபத்து நான்கு டிகிரி. காற்று இல்லை. பிக்கப் வண்டியின் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது. புரைமியில் நாங்கள் பதினான்கு வருடம் ஒரு மாதம் குடியிருந்த வீட்டு வாசலில் நின்று, வண்டியில் ஏற்றிய சாமான்களை மூன்றாவது தடவையாக எண்ணி முடித்தேன். நூற்று எண்பத்தேழு. பட்டியலிலும் நூற்று எண்பத்தேழு. அன்று முழுவதும் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

புரைமி ஓமான், அல் ஐன் எமிரேட்ஸ் என்பது வரைபடத்தில். அங்கே இருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே ஊர். சந்தையின் ஒரு முனையில் ரியாலில் விலை சொல்வார்கள், மறு முனையில் திர்ஹத்தில் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் கேட் இல்லை, முத்திரை இல்லை. அல் ஐனில் வேலை, எமிரேட்ஸ் விசா, புரைமியில் வீடு என்று எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள். காரணம் வாடகை. எங்கள் இரண்டு அறை வீட்டுக்குத் தொண்ணூறு ரியால், திர்ஹத்தில் எண்ணூற்று ஐம்பத்தைந்து. அதே அளவு வீடு அல் ஐனில் ஆயிரத்து எழுநூறுக்குக் குறையாது. என் வேலை ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோரில். வீட்டிலிருந்து அங்கே பதினோரு நிமிடம்.

அந்த வருடம் வேலி வந்தது. முதலில் கம்பங்கள், பிறகு கம்பி, பிறகு கேட். பதினோரு நிமிடம் இரண்டு மணி நேரமானது. சில நாள் கேட்டில் நிற்பவர் என் விசாப் பக்கத்தைப் பார்த்து அனுப்பிவிடுவார். சில நாள் எதற்காக அந்தப் பக்கம் போனாய் என்று கேட்பார். சாமான் வாங்க என்று சொல்வேன். காலை ஏழு மணிக்குக் கையில் சாப்பாட்டு டப்பாவோடு வருகிறவன் என்ன சாமான் வாங்கியிருப்பான்? ஆறு வாரம் பொறுத்தேன். பிறகு அல் ஐனில் ஒரு வீடு பிடித்தேன்.

எனக்கு இருந்த பயம் என் மனைவியின் விசாவைப் பற்றியது. நர்ஸ் வேலையை விட்டபின் ஆறு வருடமாக அவள் என் பொறுப்பில், என் விசாவின் கீழ் இருந்தாள். மனைவிக்கு விசா எடுக்க எமிரேட்ஸுக்குள் வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். நான் இருந்ததோ ஓமானில். அதற்கும் எங்கள் ஆட்கள் வழி வைத்திருந்தார்கள். அல் ஐனில் ஒரு கட்டடத்தின் காவலாளி ஐந்நூறு திர்ஹம் வாங்கிக்கொண்டு, காலியாகக் கிடக்கும் ஓர் அறையை உங்கள் பெயருக்கு எழுதிய ஒப்பந்தம் கொண்டுவந்து தருவான். நான் இரண்டு தடவை வாங்கினேன். ஸ்டோர் புத்தகத்தில் ஓர் ஆணியைக்கூடப் பொய்யாக எழுதாதவன், மனைவியின் விசாவுக்கு இரண்டு பொய் ஒப்பந்தம் கொடுத்திருந்தேன். புரைமியில் குடியிருந்தோம் என்று எங்காவது ஒரு கவுண்டரில் நானே ஒப்புக்கொண்டால் அவள் விசா போய்விடும். எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. அறுபது தாண்டிய என்னையே கம்பெனி தயவு பண்ணித்தான் வைத்திருந்தது. அவளுக்கு இன்னொரு விசா கிடைக்காது.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்தொன்பது வருடம். அதில் முதல் பதினைந்து வருடம் அவள் குவைத்தில் ஃபஹாஹீலில், நான் முதலில் சவுதியில் யான்புவில், பிறகு அல் ஐனில். லீவும் லீவும் ஒத்துவந்து சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டியிருக்கிறேன்: முந்நூற்றுப் பதினொன்று. ஒரே கூரையின் கீழ் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தது அந்தப் புரைமி வீட்டில்தான். காகிதத்தில் இல்லாத வீடும் அதுதான்.

பட்டியலுக்கு வருகிறேன். ஸ்டோரில் ஒரு திருகு வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும்: வரிசை எண், பொருள், எண்ணிக்கை, மதிப்பு, கடைசியில் மொத்தம், கையெழுத்து. இருபத்தெட்டு வருடம் அப்படி எழுதிய கை. எல்லையைத் தாண்டப் பட்டியல் வேண்டுமாமே என்று யாரோ சொன்னதும் நான் கேட் பாஸ்தான் போட்டேன். டைப்பிங் கடை மலையாளி மூன்று பக்கம் அடித்துக் கொடுத்து, பக்கத்துக்குப் பதினைந்து வீதம் நாற்பத்தைந்து திர்ஹம் வாங்கினான். விலை எதற்கு என்று அவன் ஒரு தடவை கேட்டான். மதிப்பு இல்லாத பட்டியல் பட்டியலா என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். எல்லா விலையும் ரசீதுப்படி. குளிர்பெட்டி ஆயிரத்து நூற்றைம்பது. துணி துவைக்கும் இயந்திரம் எழுநூற்று எண்பது. பிளாஸ்டிக் நாற்காலி நான்கு, ஒன்று பன்னிரண்டரை. மொத்தம் பதினான்காயிரத்து எண்ணூற்று அறுபது. ரசீதுகள் ஒரு நீல ஃபைலில் தேதி வாரியாக இருந்தன. அத்தனையும் அல் ஐன் கடைகளின் ரசீதுகள்.

கேட்டில் எங்களுக்கு முன்னால் முப்பத்தொரு வண்டி. பிக்கப் ஓட்டியவர் ஒரு பட்டாணியர், என் வயதுதான் இருக்கும். என் கையில் இருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு உருதுவில் சொன்னார்: "பாய், அந்தக் காகிதத்தை மடிச்சுப் பைக்குள்ள வையி. புரானா சாமான், பழசுன்னு சொல்லு. கலாஸ், முடிஞ்சது. நான் இந்த மாசம் ஒன்பது வீடு ஏத்திட்டு வந்தேன், ஒருத்தரும் காகிதம் காட்டல."

சட்டப்படி காட்ட வேண்டியதைக் காட்ட வேண்டும் என்றேன். அவர் புகையிலைப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உதட்டுக்குள் வைத்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் கட்டில் பீரோவோடு நின்ற மூன்று வண்டிகளை, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் அனுப்பினார்கள். நான் மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் முறை வந்தபோது எட்டு இருபத்தைந்து. சுங்கக்காரர் தார்ப்பாயைத் தூக்கினார், பழைய மெத்தையைப் பார்த்தார், போகலாம் என்பதுபோல் கையை அசைக்கப் போனார். நான் இறங்கி அவரிடம் பட்டியலை நீட்டினேன்.

இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவர் மூன்று பக்கத்தையும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் மொத்தத்தைப் பார்த்தார். முகம் மாறியது. விலை போட்ட பட்டியல் அவர்கள் கணக்கில் வியாபாரச் சரக்கு. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அவருக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையானவர். என் மனைவிக்கு முழங்கால் வலி என்று கண்டு அவரே நாற்காலி இழுத்துப் போட்டார். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அந்த மரியாதைதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

ஒரு படிவம் கொடுத்தார். நான்காவது கட்டம்: நிரந்தர வதிவிடம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புரைமி என்று எழுத முடியாது. அல் ஐன் என்று எழுதினால் இந்தச் சாமானெல்லாம் ஓமானில் என்ன செய்தது? சொந்த ஊர் தூத்துக்குடி என்று எழுதலாம். அங்கே என் பெயரில் இருப்பது ரேஷன் கார்டு மட்டும். இந்த நாடுகளில் இருபத்தெட்டு வருடம் இருந்தவனுக்கு நிரந்தரமான விசா என்று ஒன்று கிடையாது. இவர்கள் படிவத்தில் மட்டும் அந்தச் சொல்லை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். யாருக்காக அச்சடித்தார்கள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. எல்லோரும் எழுதுவதைத்தான் நானும் எழுதினேன், கம்பெனியின் தபால் பெட்டி எண்ணை. இருபத்தெட்டு வருடத்தின் முடிவில் நான் நிரந்தரமாகக் குடியிருந்தது ஒரு தபால் பெட்டியில்.

சுங்கக்காரர் படிவத்தைப் படித்தார். "நீங்கள் எமிரேட்ஸ் விசாக்காரர். வீடு அல் ஐனில். இவ்வளவு வீட்டுச் சாமான் ஏன் புரைமியில் இருந்தது?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என் மடியில் இருந்தது. நீல ஃபைல். அதைத் திறந்தால் எல்லாம் அல் ஐனிலேயே வாங்கியது, வரி கட்டியாகிவிட்டது, ஒரு காசு கேட்க முடியாது என்று ரசீது ரசீதாகக் காட்டலாம். காட்டினால் அடுத்த கேள்வி, அல் ஐனில் வாங்கியதைப் பதினான்கு வருடம் அங்கே ஏன் வைத்திருந்தாய் என்பதுதான். என் விரல் ஃபைலின் கொக்கியில் இருந்தது. என் மனைவி தன் கைப்பையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். கையையும் எடுக்கவில்லை.

"எடுக்காதிய," என்றாள், அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தபடியே. "நீங்க சும்மா இரிய. நான் சொல்லுதேன்."

அவளுக்கு அரபி நன்றாக வரும். குவைத் ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடம் பேசிய அரபி. என் தம்பி புரைமியில் இருந்தான், வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டான், சாமானை எங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னான் என்றாள். கண் இமைக்கவில்லை. அவளுக்கு மூன்று தங்கைகள். தம்பி என்று ஒருவன் பிறக்கவே இல்லை.

அவர் என் பக்கம் திரும்பி ரசீது இருக்கிறதா என்று கேட்டார். அவள் கை ஃபைலை இன்னும் அழுத்தியது. இல்லை என்றேன்.

"ரசீது இல்லையா? நாற்காலி பன்னிரண்டரை திர்ஹம் என்று எழுதியிருக்கிறீர்களே. அரை திர்ஹம் எப்படித் தெரியும்?"

ஞாபகம் என்றேன். அவர் பட்டியலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டி எவ்வளவு என்று கேட்டார். அறுபத்தெட்டு. தையல் இயந்திரம்? முந்நூற்று இருபது. இட்லிச் சட்டி என்பதை அவரால் படிக்க முடியவில்லை, எழுத்து எழுத்தாகச் சொன்னார். நாற்பத்தைந்து என்றேன். பக்கத்து மேசைக்காரரும் வந்து நின்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பதினாறு பொருளுக்கு விலை சொன்னேன். ஒன்றும் தப்பவில்லை. இருவரும் சிரித்தார்கள். மைத்துனன் சாமான் விலையை இப்படி மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சுங்கக்காரர் அரபியில் சொன்னாராம். அவள் அதற்கு, இவர் எப்போதும் என் தம்பியின் சொத்தின் மேலேயே கண்ணாக இருப்பார் என்று பதில் சொல்லியிருக்கிறாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

விசாப் பக்கங்களைப் பார்த்தார்கள். அவளுடையதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. பிறகு அவர் பாஸ்போர்ட்டை மூடி அவள் கையில், மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தார். அவ்வளவுதான். அது முடிந்தது.

ஆனால் சாமான் முடியவில்லை. வேறொருவன் உங்களுக்குக் கொடுத்த சாமான் என்றால் இறக்குமதி. இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து. பழைய சாமான் என்று மதிப்பைக் குறைக்கலாம் என்று அவரே சொன்னார், பாவம். ஆனால் மேலே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், பட்டியலில் மொத்தம் தெளிவாக இருக்கிறது, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். மேலே இருப்பவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். குறைக்கவில்லை. அல் ஐனில் என் சம்பளத்தில், அல் ஐன் கடையில், முழு விலை கொடுத்து வாங்கிய என் குளிர்பெட்டிக்கு, பிறக்காத மைத்துனனிடமிருந்து அல் ஐனுக்குக் கொண்டுவந்ததற்காக வரி கட்டினேன். இட்லிச் சட்டிக்குக் கட்டினேன். நான்கு நாற்காலிக்கும் கட்டினேன், ஒன்றின் கால் உடைந்திருந்தது.

வண்டியில் ஏறியதும் பட்டாணியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காத்திருந்ததற்கு நூறு திர்ஹம் கேட்டார், கொடுத்தேன். பாதி வழியில் என் மனைவி, கைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"எந் தம்பி தங்கமான பயலா இருந்திருப்பான். ஒரு கரண்டியைக்கூட வச்சுக்கிடல பாத்தியளா."

அவள்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினான்கு வருடம் ஒரு மாதம் நாங்கள் வாழ்ந்ததை ஒரே வாக்கியத்தில் எடுத்து எவனோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாளே என்று. எனக்கு ஏன் அந்த வாக்கியம் தோன்றவில்லை என்பதும் அந்தக் கோபத்தில் சேர்த்திதான். சட்டையைப் பிடித்துக் கேட்க ஆள் இல்லை. வேலி போட்டவர்கள் அங்கே நிற்கவில்லை. நின்றது நாற்காலி இழுத்துப்போட்ட ஒரு நல்ல பையன்.

புது வீட்டில் சாமான்களை இறக்கி எண்ணினேன். நூற்று எண்பத்தேழு. அவள் அடுப்பை மூட்டிக் கட்டன் சாயா போட்டாள். ஜனவரியில் அவள் விசாவைப் புதுப்பித்தோம், இந்தத் தடவை உண்மையான ஒப்பந்தத்தோடு. இன்னும் மூன்று வருடம் என்று பாஸ்போர்ட்டில் ஒட்டினார்கள். சாமான் இறக்கிய அன்று மாலையே சுங்க ரசீதை நீல ஃபைலில் கடைசியாகச் சேர்த்து, அதன் பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன். வரி எழுநூற்று நாற்பத்து மூன்று. படிவமும் முத்திரையும் முப்பது. டைப்பிங் நாற்பத்தைந்து. பிக்கப் இருநூற்றைம்பது, காத்திருந்ததற்கு நூறு. ஏற்றி இறக்கிய இரண்டு பேருக்கு எண்பது. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு திர்ஹம்.