சகாயமேரி அக்காவின் கடைசிக் குப்பி

சகாயமேரி அக்கா காய்ச்சலில் சாகவில்லை. எங்கள் அலுவலகம் அவரைச் சாகவிட்டது. அந்த அலுவலகத்தில் நானும் ஒருவன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கணவர் அந்தோணி அண்ணன் போனில் கூப்பிட்டார். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர். பேசினால் பாதி இருமல்தான் வரும். அன்று இருமவில்லை. "மேரி போயிட்டாளுங்க தம்பி. ஆபீசுல சொல்லிப்போடுங்க" என்றார். சொன்னேன். எங்கள் திட்ட அலுவலர் முதலில் கேட்டது, இறப்புச் சான்றிதழில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வேலை உண்ணி சேகரிப்பது. ஆடு, மாடு, நாய் மேலிருந்தும் மலையடிவாரப் புல்லிலிருந்தும் உண்ணிகளைப் பிடித்து, எந்த ஊரில் எந்த நோய்க்கிருமி சுற்றுகிறது என்று பார்க்கும் திட்டம். நான் ஆய்வகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன். புதரோரம் நடந்தவர் அக்கா. நாற்பத்து நான்கு வயது, தினக்கூலி. அதற்கு முன் இருபது வருடம் அதே அடிவாரத் தோட்டங்களில் களை எடுத்தவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவரை முதலில் பார்த்தேன். கம்பில் கட்டிய வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்துக்கொண்டு போனார். பத்தடிக்கு ஒருமுறை துணியைப் புரட்டி, ஒட்டியிருந்த உண்ணிகளை இடுக்கியால் எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட்டார். அலுவலகம் துணி வாங்கித் தரவில்லை. வீட்டிலிருந்த சென்னிமலைப் பெட்ஷீட்டை அவரே கிழித்துக் கொண்டுவந்திருந்தார். முழங்கால்வரை வரும் பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. மேலிடத்திலிருந்து படம் எடுக்க வரும் நாளில் மட்டும் அது அலமாரியை விட்டு வெளியே வரும்.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சீட்டு போடுவார். ஊர், தேதி, எந்த விலங்கு, உடம்பில் எந்த இடம். எல்லாம் பென்சிலில். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

ஒரு ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒரு காளையின் காதுமடலை அவர் புரட்டிப் பார்த்தபோது, தரகர் ஒருவர் வம்புக்கு இழுத்தார்: "ஏனுங்க அம்மணி, உண்ணிக்குத் தனியாச் சந்தை போடறீங்களா?"

"நீங்க மாட்டை விக்கறீங்க. அதும்மேல ஓசியில லாரி ஏறிப் போறவங்க எந்த ஊருல எறங்கறாங்கன்னு நான் பாக்கறனுங்க" என்றார் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உண்ணி எப்படிப் பரவுகிறது என்று நான் இரண்டு வருடம் படித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

போன வருடம் அவருடைய ஊரிலேயே இரண்டு பேருக்குக் காய்ச்சலும் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகளும் வந்தன. இருவரும் ஒரே தோட்டத்தில் மாடு கட்டுகிறவர்கள். அக்கா அங்கே போய் முப்பது குப்பி நிரப்பிவந்தார். மறுநாள் தோட்டத்துக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். சந்தை நேரத்தில் ஊர்ப் பெயரை எழுதினால் தன் மாட்டை ஒருவனும் தொடமாட்டான் என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் பட்டியலில் அந்த ஊர் ஒரே மாலையில் "மேற்குப் பகுதி" ஆனது எப்படி என்றுதான் இன்னும் புரியவில்லை. குப்பிக்குள் பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

இந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் என் மேசையில் ஒரு குப்பியை வைத்தார். சீட்டில் ஊர்ப் பெயர், தேதி, "மேரி, இடது அக்குள்" என்று இருந்தது.

எங்கள் படிவத்தில் மாடு, எருமை, ஆடு, நாய் என நான்கே கட்டங்கள். மனிதனுக்குக் கட்டம் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன்.

"அப்ப மாடுன்னே போட்டுக்க கண்ணு. அவங்களுக்கு என்ன வித்தியாசமா தெரியப்போவுது?" என்றார்.

நான் எதையும் போடவில்லை. குப்பியைக் குளிர்பெட்டியின் பின்வரிசையில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

ஆறாம் நாள் காய்ச்சல். மருத்துவமனையில் டெங்குவுக்குப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. உண்ணி கடித்ததை அக்கா சொன்னார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அலுவலகத்தில் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். அதைப் பார்த்த பிறகுதான் உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து எழுதுவோம் என்றார்கள். காய்ச்சலோடு வந்து திட்ட அலுவலரிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கண்டிப்பாத் தந்தர்லாமுங்க. மேல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத் தர்றனுங்க" என்றார் அலுவலர்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்வதில்லை. இந்த மரியாதையைத்தான் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அக்கா அதை நம்பினார். மூன்று நாள் வீட்டில் படுத்துக் காத்திருந்தார். கைகளில் புள்ளிகள் வந்த பிறகு நான் போய்ப் பார்த்து, மறுபடி கேட்கலாமா என்றேன். "சார்தான் தர்றேன்னுட்டாருங்களே கண்ணு. திரும்பக் கேட்டா மரியாதையா இருக்காது" என்றார். சீக்கிரம் கொடுத்தால் இந்தக் காய்ச்சலைக் குணமாக்கும் மாத்திரை அவர் தெரு முனை மருந்துக்கடையிலேயே இருக்கிறது. கடிதம் வரவே இல்லை. எழுதினால் அது வேலையில் வந்த நோய் என்று ஆகிவிடும் என்பதால்தான் எழுதவில்லை என்று நான் சந்தேகிக்கிறேன். தவறு என்றால் அலுவலர் மறுக்கட்டும்.

சான்றிதழில் "காரணம் அறியப்படாத காய்ச்சல்" என்று இருக்கிறது.

நேற்று அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். படத்தில் அக்காவுக்கு அந்த பூட்ஸ். அர்ப்பணிப்பு என்ற சொல்லை அலுவலர் நான்கு முறை சொன்னார். நான் எழுந்து, பின்வரிசைக் குப்பியைச் சோதிக்க வேண்டும் என்றேன்.

"பாத்துப்போடலாமுங்க தம்பி" என்றார்.

குளிர்பெட்டியில் இன்று புதுப் பூட்டு. கண்ணாடிக் கதவு வழியே குப்பி தெரிகிறது. அடியில் கால்களை மடக்கிய சிறு உண்ணி. மேலே அக்காவின் கையெழுத்து, ஓர் எழுத்தும் கலையாமல்.

போய்வாருங்கள் அக்கா. மரியாதை பார்த்து நீங்கள் இரண்டாம் முறை கேட்காததை நான் கேட்கிறேன். நேற்று, எல்லோர் முன்னாலும், இரண்டாம் முறை கேட்டேன்: "எந்தத் தேதியில் சோதிப்பீர்கள், சார்?"

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிட மௌனத்துக்கு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.