ஒப்புக்கு நின்ற லான்

இன்று காலை தம்பி மகன் சென்னையிலிருந்து அனுப்பிய செய்தி: "மீட்டிங்ல நான் ஒப்புக்குச் சப்பாணிதான் பெரியப்பா." கம்ப்யூட்டர் முன்னால் வளர்ந்த பிள்ளை. சொல் எந்த ஆட்டத்திலிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. தம் கட்டுவது, கோட்டைத் தாண்டுவது எல்லாமே சடுகுடு மண்ணில் புரண்டு எழுந்து வந்தவைதான் என்பது என் கட்சி. ஆதாரம் கேட்டால் விழிப்பேன்.

எனக்கு அந்தச் சொல் வியட்நாமில் வுங் டாவ் கடற்கரை மணலில் கிடக்கிறது. அங்கே பென் தான் என்ற சந்தைப் பக்கம் ஒரு தமிழரின் ஜவுளிக்கடையில் நாங்கள் சிலர் வேலை பார்த்தோம். வருடத்துக்கு ஒரு நாள் முதலாளி எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப்போவார். அப்படிப் போன ஒரு நாளில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது, அதில் தேதி இல்லை. கூட வேலை பார்த்த முத்தையா அண்ணன் 1972இல் வாங்கிய மோட்டார் சைக்கிள் அதில் புதிதாக நிற்பதால் அதற்கு முந்தியது அல்ல.

சடுகுடுக்கு ஓர் ஆள் குறைந்தது. எங்கள் கடையில் துணி விற்கும் வேலை பார்த்த வியட்நாமியப் பெண் லானை இழுத்துவிட்டார்கள். அவள் பாய்ந்து முத்தையாவின் முதுகில் அடித்து, "அவுட்! அவுட்!" என்று கத்தினாள்.

"நீ ஒப்புக்குத்தான். நீ தொட்டாலும் அவுட் கெடையாது, உன்னைத் தொட்டாலும் கெடையாது" என்றார் முத்தையா.

"அப்ப நான் எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்க வேணாமா?"

எல்லோரும் சிரித்தோம். லான்தான் அதிகம் சிரித்தாள். அடுத்த வருடம் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் முத்தையா அவளுக்குத் தாலி கட்டினார். எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான். மாலை, மஞ்சள் கயிறு, சர்க்கரைப் பொங்கல், பதிவு கிடையாது. பதிவுக்குப் போனால் சொந்த ஊருக்குத் தெரிந்துவிடும்.

1975 ஏப்ரலில் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகு கடையை மூடிவிட்டார்கள். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் விமானத்துக்குக் காத்திருந்தோம். பதிவுத்தாள் இல்லாத மனைவிக்கு இடம் இல்லை என்றார்கள். புறப்படும் நாளில் பாதி இறக்கிய ஷட்டருக்குள் முத்தையா பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல நான் போறேன். போயி உன்னையக் கூப்பிட்டுக்கிடுறேன்."

லான் விற்காத துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவரிடமே கற்ற சிவகங்கைத் தமிழில் கேட்டாள்: "நான் ஆட்டத்துல உண்டா, ஒப்புக்கா?"

முத்தையா கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வண்டி வந்தது.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்களாம். முத்தையா காரைக்குடியில் துணிக்கடை வைத்து, வேறு குடும்பத்தோடு வாழ்ந்து இறந்தார். எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவள் பெயரை அவரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

அந்த மாரியம்மன் கோயில் வாசலில் அவள் பூ விற்றதைப் பார்த்ததாகப் பின்னால் ஊர் திரும்பிய ஒருவர் சொன்னார். வுங் டாவில் படகேறி நாட்டை விட்டே போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று இன்றுவரை உறுதியாகவில்லை.